வண்டியை எங்கே நிறுத்துவது

பாப்பாமோட்டையில் அக்கா ஒரு நாளும் தன் ஸ்கூட்டியை நாங்கள் போகவேண்டிய வீட்டுக்கு முன்னால் நிறுத்தியதில்லை. கடையடியில், வேம்பு நிழலில் நிறுத்துவார். கடைக்காரரோடு இரண்டு கதை. பிறகு நடை. நடந்தாலும் நேரே அந்த வீட்டுக்குப் போவதில்லை. முதலில் சீனி வருத்தத்துக்கு மருந்து எடுக்கிற ஓர் ஆச்சி வீடு, அடுத்தது கைப்பிள்ளை இருக்கிற வீடு, மூன்றாவதாகத்தான் நாங்கள் உண்மையில் தேடி வந்த படலை. திரும்பும்போது இன்னொரு வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். எனக்கு வெயிலும் பசியும் எரிச்சலும். ஏனக்கா இந்தச் சுற்று என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரி மிஸ் வந்து போற வீடு எண்டு ஒருக்காப் பேர் விழுந்தால் அழியாது பிள்ளை. எல்லா வீட்டையும் போனால் ஒரு வீட்டுக்கும் பேர் விழாது."

அக்கா மாவட்ட உளநலப் பிரிவோடு சேர்ந்து ஊர்களுக்குள் வேலை செய்கிறவர். நான் பேசாலையிலிருந்து அவருக்கு உதவியாகப் போய்த் தொழில் பழகியவள். அதற்கு முன் வகுப்பில் நிறையப் படித்திருந்தேன். உலக சுகாதார நிறுவனமும் வேறு இரு அமைப்புகளும் 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூலில் சொல்லப்படுகிற பார்த்தல், கேட்டல், தொடர்புபடுத்தல் மூன்றும் எனக்கு மனப்பாடம். அந்த மூன்றும் சரியானவைதான். ஆனால் பார்ப்பதற்கும் கேட்பதற்கும் முதலில் அந்தப் படலைக்குள் போகவேண்டும். வாசலில் வண்டி நின்றால், அடுத்த முறை படலை திறக்காது.

ஊரைத் தெரியாதவர்களுக்காக: பாப்பாமோட்டை மன்னார்த் தீவுக்குள் இல்லை, பெருநிலக் கரையில் இருக்கிறது. தீவிலிருந்து பாலத்தால் வந்து, தள்ளாடியைக் கடந்து, பூநகரிக்குப் போகிற ஏ 32 வீதியைப் பிடித்து, திருக்கேதீச்சரம் போகிற திருப்பத்தைத் தாண்டினால் வரும். அதற்கங்கால் விடத்தல்தீவு. மாந்தை மேற்குப் பிரதேச செயலர் பிரிவு. ஒரு பக்கம் கண்டலும் சேறும் ஆழமில்லாத கடலும், மற்றப் பக்கம் தரவை, உள்ளுக்குப் போனால் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பிய வயல்கள். 2007, 2008இல் போர் இந்த வீதி வழியே வடக்கே ஏறியபோது சனமும் அதற்கு முன்னால் வடக்கே ஓடியது. கிளிநொச்சி, புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், கடைசியில் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம். விடத்தல்தீவு முஸ்லிம்களின் கதை அதற்கும் முந்தியது. 1990 ஒக்டோபரில் புலிகள் அவர்களை வெளியேற்றியபின் புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறையே வளர்ந்தது. இப்படி ஒரு கரையில் மனநலம் கதைக்க வருகிறவள், எதிரில் பாயில் இருப்பவர் தன்னைவிட எவ்வளவோ கண்டவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டுதான் வாய் திறக்க வேண்டும்.

அக்கா திறக்கிற விதம் எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது. "மனம் எப்படி இருக்கு" என்று அவர் கேட்டதே இல்லை. "நித்திரை வருதோ?" என்பார். அவ்வளவுதான். அந்தக் கேள்விக்கு வெட்கம் இல்லை. யாரும் பதில் சொல்வார்கள், பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டிருந்தாலும் சொல்வார்கள். சொல்கிற பதிலில்தான் விசயம் இருக்கிறது. படுத்துப் புரண்டு புரண்டு நித்திரை வராதவர் ஒரு வகை. அவருக்குப் பெரும்பாலும் பயமோ கடனோ யோசனையோ. நித்திரை வரும், ஆனால் விடியப்புறம் மூன்று மணிக்கு முழிப்பு வந்து நெஞ்சில் கல் ஏறி உட்காரும், காலமைதான் மிகவும் பாரம், பின்னேரம் கொஞ்சம் இலேசு என்றால் மனச்சோர்வை யோசிக்க வேண்டும். நித்திரையே கொள்ளாமல், களைப்பும் இல்லாமல், இரவிரவாகக் கதைத்துக்கொண்டும் திட்டம் போட்டுக்கொண்டும் இருக்கிறவரை விரைவாக வைத்தியரிடம் காட்ட வேண்டும். சாப்பாடு அடுத்த கேள்வி. பிறகு, "தலைக்குள்ள விறைக்குது", "நெஞ்சு எரியுது", "கை கால் உளையுது" என்று உடம்பு வரிசையாகக் கதைக்கத் தொடங்கும். யாழ்ப்பாணத்தில் நீண்ட காலம் உளநல மருத்துவராக இருந்த தயா சோமசுந்தரம், எங்கள் சனம் துயரத்தை உடம்பால்தான் அதிகம் சொல்கிறது என்பதைப் போர்க்காலத்திலிருந்தே எழுதிவந்திருக்கிறார். 1987இல் தொடங்கிய சாந்திகம் நிறுவனத்தின் வழியாக வந்த உளவளத்துணையாளர்கள் பலரிடம் உடம்பின் கதையைக் கேட்கிற இந்தக் காதைப் பார்க்கலாம். அக்காவும் யாழ்ப்பாணத்தில் பயிற்சி எடுத்தவர்தான். நெஞ்செரிவு என்றால் அவர் முதலில் நெஞ்செரிவாகவே எடுப்பார். வைத்தியரிடம் காட்டினீங்களோ, என்ன சொன்னார், மருந்துக்குக் கேட்டதோ. உடம்பை நம்பிய பிறகுதான் மனத்துக்கு வழி.

ஒரு கேள்வி மட்டும் அவர் சுற்றிவளைக்காமல் கேட்பார். ஒரு தாயிடம், அடுப்படியில், தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "செத்துப்போவம் எண்டு யோசனை வந்ததோ?" என்று நேராகக் கேட்டதைக் கண்டு எனக்குக் கை குளிர்ந்தது. இல்லாத எண்ணத்தைக் கிளப்பிவிடுகிறாரே என்று நினைத்தேன். அந்தத் தாய் முகத்தைச் சுளிக்கவில்லை. பெருமூச்சு விட்டு, ஓம் என்றார். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. அன்றைக்கு நான் அதைக் கண்ணால் கண்டேன். அக்காவின் அடுத்த கேள்வி இன்னும் பச்சையானது. "வயலுக்கு அடிக்கிற மருந்துப் போத்தல் எங்க இருக்கு?" அது வீட்டுக் கோடிக்குள் இருந்தது. அன்றே அது தம்பி முறையானவர் ஒருவரின் வீட்டுக்கு, பூட்டுள்ள பெட்டிக்குள் போனது.

இது சின்னக் காரியம் போலத் தெரியும். இலங்கையின் கணக்கைப் பார்த்தால் இதைவிடப் பெரிய காரியம் இல்லை. 1995 அளவில் இந்த நாட்டில் ஒரு லட்சம் பேரில் ஏறத்தாழ 47 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. கொடிய நஞ்சுள்ள பூச்சிகொல்லிகளை அரசு படிப்படியாகத் தடைசெய்தது. 1998இல் எண்டோசல்பன், பிறகு பரகுவாட். வீதம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே வந்தது. போரும் கடனும் குடியும் குறைந்ததனால் அல்ல, சாக நினைத்த அந்த ஒரு மணி நேரத்தில் கைக்கெட்டியது முன்னையளவு நஞ்சாக இல்லாததனால். அதே 1998இல் தற்கொலைக்கு முயல்வது குற்றம் என்ற சட்டமும் நீக்கப்பட்டது. ஊரில் பலருக்கு இது இன்னும் தெரியாது. பொலிசு வரும் என்ற பயத்தில் நஞ்சு குடித்தவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயங்கிய வீடுகள் உண்டு. அக்கா மாதர் சங்கக் கூட்டத்தில் உளநலம் பற்றி ஒரே ஒரு விசயம் சொல்ல நேரம் கிடைத்தால் இதைத்தான் சொல்வார்: பொலிசு பிடிக்காது, உடனே ஏற்றுங்கோ. அடுத்ததாக, இரவிலும் எடுக்கக்கூடிய தேசிய உளநல உதவி இலக்கம் 1926. வேறு பேச்சில்லை.

பேச்சு என்றால் அவருக்கு அலர்ஜி. ஒக்டோபர் 10 உலக உளநல நாள். அன்று பதாகை, ஊர்வலம், குளிர்பானம், படம் எல்லாம் நடக்கும். அவர் போவார், நிற்பார், வந்துவிடுவார். ஒரு முறை பக்கத்து ஊர் இளைஞர் கழகம் ஒன்று தெருவெளி நாடகம் போட விரும்பி எங்களை ஒத்திகைக்குக் கூப்பிட்டது. நல்ல பிள்ளைகள், நல்ல நோக்கம். மனநோயாளியாக நடித்தவன் தலையைப் பிய்த்துக்கொண்டு சட்டையைக் கிழித்து ஓடினான். பார்த்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசிக் காட்சியில் வைத்தியர் வந்து, மனநோய் குணப்படுத்தக்கூடியது என்று ஒரு பக்கம் பேசினார். அக்கா கழகத் தலைவரைத் தனியே கூப்பிட்டு, "தம்பி, பிள்ளையள் வைத்தியரின்ர கதையையோ வீட்ட கொண்டுபோவினம், சட்டை கிழிச்சதையோ?" என்றார். அந்தப் பாத்திரம் மாறியது. மற்றவர்களோடு வலை தெளிந்துகொண்டிருப்பவன், ஒரு நாள் வேலைக்கு வராமல் விடுகிறான், பிறகு அடுத்த நாளும். கூட்டாளிகள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் நாடகம் என்று ஆனது. சிரிப்புக் குறைந்துபோனது என்று பெடியளுக்குக் கவலைதான். குழந்தை ம. சண்முகலிங்கம் 1991இல், போர் மனத்துக்குச் செய்வதை 'அன்னை இட்ட தீ' என்று முழு நாடகமாகவே எழுதிவிட்டார். அதற்குப் பிறகும் எங்கள் மேடையில் மனநோய் என்றால் சட்டை கிழியத்தான் வேண்டுமா என்று எனக்கு ஆத்திரம் வரும். அக்காவுக்கு வராது. அவர் எதிலும் ஆத்திரப்படுவதில்லை. அது எனக்கு இன்னொரு ஆத்திரம்.

நான் அவரோடு மெய்யாகவே சண்டை பிடித்தது ஒரு வீட்டு விசயத்தில். அங்கே ஒரு பெடியன். பள்ளிக்கூடம் முடித்த வயதில் காதுக்குள் ஆட்கள் கதைப்பதாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறான். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றித் திட்டம் போடுவதாக நம்பி, யன்னல்களைச் சாக்கால் மூடியிருக்கிறான். தாய் பார்வை பார்க்கிறவரிடம் போய், நூல் கட்டி, மடு மாதாவுக்கு நேர்த்தி வைத்து, கடைசியில் ஆஸ்பத்திரி. மருந்து பிடித்துக்கொண்டது. சாக்கு இறங்கியது. அந்த நேரத்தில்தான் தாய் எங்களிடம், "மூத்தவளுக்குச் சம்பந்தம் பேசுறம் மிஸ். கொஞ்ச நாளைக்கு இந்தப் பக்கம் வராதேங்கோ" என்றார்.

எனக்குக் கோபம் வந்தது. எத்தனை கூட்டம், எத்தனை துண்டுப்பிரசுரம், இன்னும் இந்த அறியாமையா என்றேன் திரும்பி வரும் வழியில். அக்கா ஸ்கூட்டியை ஓரம் கட்டினார்.

"அறியாமை இல்லை பிள்ளை, கணக்கு. தம்பிக்கு வருத்தம் எண்டு தெரிஞ்சால் அக்காவின்ர சீதனம் கூடும். கூட்டிக் குடுக்கக் காசில்லை. அந்த மனுசிக்கு வருத்தம் என்ன எண்டு உன்னைவிட நல்லாத் தெரியும். நீ நோட்டீஸ் குடுத்து அந்தக் கணக்கை மாத்தேலாது."

அப்படியென்றால் எதைக் கொடுத்து மாற்றுவது என்று கேட்டேன். அதற்கு அவர் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. அந்த வீட்டுக்குப் போவதை நிறுத்தினார், பெடியனை விடவில்லை. கோயில் முடிந்து வருகிற வழியில் தாயோடு கதைப்பார். மாத ஊசிக்கு மன்னாருக்கு வருகிற நாளில் கிளினிக் வரிசையில் பக்கத்தில் நிற்பார். 2011இல் சங்குப்பிட்டிப் பாலம் திறந்தபின் யாழ்ப்பாணத்துக்கும் மன்னாருக்கும் இந்த வீதியால் பஸ் ஓடுகிறது. பாப்பாமோட்டையில் ஏறினால் மன்னார் நகரம். நகரத்துக்குப் போகிறவருக்கு ஆயிரம் அலுவல் இருக்கும், அதில் ஊசியும் ஒன்று. யாரும் கேட்பதில்லை.

பெடியன் நண்டு வலை தெளிகிற வேலைக்குப் போகத் தொடங்கினான். இந்தக் கடலில் ஏற்றுமதிக்குப் போகிற நீல நண்டு படுகிறது. வலையிலிருந்து அதைக் கால் முறியாமல் எடுக்க வேண்டும், முறிந்தால் விலை இறங்கும். அவனுக்குக் கை நடுங்கியது. நண்டுக் கால் முறிந்தது. சம்மாட்டி ஏசினார், அவன் வீட்டில் படுத்துவிட்டான். தாய் நினைத்தது வருத்தம் திரும்பிவிட்டது என்று. நானும் அப்படித்தான் நினைத்தேன். அக்கா அவனை ஒரு கோப்பை தண்ணீரைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தார், நடக்கச் சொல்லிப் பார்த்தார். கை வீசாமல் விறைத்து நடந்தான். அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம், இவன் செய்வது வலை தெளிகிற வேலை, விரல்தான் அவனுக்கு முதல் என்று சொன்னார். மருந்தின் அளவு குறைந்தது, நடுக்கத்துக்கு பென்ஸ்ஹெக்சோல் சேர்ந்தது. சில கிழமையில் விரல் சொன்னபடி கேட்டது. வைத்தியருக்கு நாங்கள் கொண்டுபோய்க் கொடுக்கக்கூடியது இதுதான். கிளினிக் மேசையில் தெரியாத அந்த வலையை அங்கே கொண்டுபோவது. மருந்தை விடுகிறவர்களில் பலர் நோயை மறுத்து விடுவதில்லை, வேலை கெட்டுப்போவதால் விடுகிறார்கள். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற குளிசையிலும் இதே சிக்கல்: குணம் தெரிய இரண்டு மூன்று கிழமை எடுக்கும், வயிற்றுப் பிரட்டலோ முதல் நாளே வரும். இதை முன்கூட்டிச் சொல்லாவிட்டால் நாலாம் நாள் குளிசை அடுப்புக்குள் போகும்.

வலை தெளிகிற வாடியில் அவனைத் தினமும் இருபது முப்பது பேர் கண்டார்கள். ஒரு காலத்தில் யன்னலுக்குச் சாக்குக் கட்டியவன் இப்போது தங்களைவிட விரைவாக வலை தெளிவதைக் கண்டார்கள். யாரும் கூட்டம் வைத்துச் சொல்லவில்லை. 2022இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு, மனநோய் பற்றிய களங்கத்தைக் குறைக்க எது உண்மையில் உதவுகிறது என்று உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்து, அந்த அனுபவம் உள்ளவர்களோடு மற்றவர்களுக்கு ஏற்படும் நேரடிப் பழக்கமே எல்லாவற்றிலும் அதிகம் பலன் தருகிறது என்று சொன்னது. அதைப் படித்து அக்காவுக்குச் சொன்னேன். "அதுக்கு ஏன் லண்டனுக்குப் போகவேணும்" என்றார். ஆனால் அந்தத் தாளைப் பிரதியெடுத்துத் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார். பிரதேச செயலகத்தில் பதாகைக்கு ஒதுக்கிய காசைப் பஸ் காசாக மாற்றித் தரும்படி கேட்பதற்கு அது உதவும் என்று.

மடு நேர்த்தியைப் பற்றி அவரிடம் கேட்டிருக்கிறேன். நான் படித்த வகுப்பில் அதெல்லாம் மூடநம்பிக்கை என்ற தலைப்பின்கீழ் இருந்தது. அக்காவின் கட்சி வேறு. நேர்த்தியும் வைக்கட்டும், ஊசியும் போடட்டும். கட்டிப்போட மட்டும் விடமாட்டேன் என்பார். கடலுக்கு அந்தப் பக்கம், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், 2001 ஓகஸ்ட் 6ஆம் திகதி விடியற்காலையில் ஒரு தனியார் மனநோயாளர் விடுதி எரிந்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அங்குள்ள தர்காவை நம்பி வந்த குடும்பங்கள் விட்டுச்சென்றவர்கள். அவர்களைக் கொன்றது நம்பிக்கை அல்ல, சங்கிலி. அதற்காக, குடும்பம் மாதாவை நம்புவதில் கைவைத்தால் குடும்பம் எங்களை விட்டுப் போகும், மாதாவை விட்டுப் போகாது. ஆகவே ஓகஸ்ட் மடுத் திருவிழாவுக்குப் போகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றுதான்: குளிசையை எத்தனை நாளைக்குக் கட்டினீங்கள்?

எல்லாத் துயரத்தையும் கிளினிக்குக்குக் கொண்டுபோகவும் அவர் விடமாட்டார். 2018இல் மன்னார் நகரில் சதொச கட்டடம் கட்டத் தோண்டிய இடத்தில் மனித எலும்புகள் வந்தன. நீதிமன்ற மேற்பார்வையில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. காணாமற்போன பிள்ளைகளைத் தேடுகிற தாய்மார் அந்தக் குழியடியில் வந்து நின்றார்கள். 2019இல் அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் காபன் அறிக்கை, எலும்புகள் 1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட காலத்தவை என்றது. அதை ஏற்காதவர்கள் பலர். அந்தக் கிழமைகளில் ஒரு தாயிடம் போனோம். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை, அழுகை. என் கொப்பியின் பட்டியலில் எல்லாவற்றுக்கும் சரி போடலாம். அக்கா பேனையை மூடச் சொன்னார். "இது வருத்தம் இல்லை, பிள்ளை எங்க எண்டு கேக்கிறா. அதுக்குக் குளிசை குடுத்தால் கேள்வி கேக்கிறதே வருத்தம் எண்டு ஆகிவிடும்." பிறகு அந்தத் தாயோடு கதைத்தது காணாமற்போனோர் அலுவலகத்தில் கொடுத்த முறைப்பாட்டு இலக்கத்தைப் பற்றியும், அடுத்த கூட்டத்துக்கு யாரோடு போவார் என்பதைப் பற்றியும். ஆனாலும் மாதங்கள் கழித்து அதே தாய் குளிப்பதையும் விட்டு, கதைப்பதையும் விட்டு, கிணற்றடியைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார் என்று தெரிந்தபோது வைத்தியரிடம் கூட்டிப்போனவரும் அக்காதான். கோடு எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தீர்மானமாகச் சொல்ல வராது. அவருக்கும் ஒவ்வொரு முறையும் யோசித்துத்தான் வருகிறது. அதைப் பார்த்துக்கொண்டு கூடவே நடப்பதுதான் பழகல் என்று நினைக்கிறேன்.

மூத்தவளுக்குச் சம்பந்தம் ஒப்பேறியது, சொல்லாமலே. இப்போது பெடியனுக்கே பெண் பார்க்கிறார்கள். தாய் இம்முறையும் சொல்லாமல் முடிக்கத்தான் நினைத்தார். இதில் அக்கா அசையவில்லை. கட்டிக்கொண்டு வருகிறவள் குளிசைப் பெட்டியைக் கண்டுபிடித்துத் தெரிந்துகொள்ளக் கூடாது, சொல்வதா என்பதை அவனே முடிவெடுக்கட்டும் என்றார். நான் தாயின் பக்கம் நின்றேன். கணக்கு என்று எனக்குச் சொல்லித் தந்தவர் இவர்தானே. அவன் சொல்வதென்று முடிவெடுத்தான். பெண்ணின் மாமா ஒரு நாள் வாடிக்கு வந்து, அவன் வலை தெளிவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, இந்த மருந்தோடு கடலுக்குப் போகலாமோ என்று எங்களைக் கேட்டார். அக்கா, அவனையே கேளுங்கோ என்றார். இரவில்தான் குளிசை, அதனால் விடியக் கொஞ்சம் மந்தம் இருக்கும், ஆகவே விடியத் தொழிலுக்குப் போவதில்லை, பகலில் போனாலும் தனியே வள்ளம் எடுப்பதில்லை என்று அவன் நண்டை விடாமலே சொன்னான். ஊசிக்குப் போகாமல் விட்டால் என்ன நடக்கும் என்று மாமா கேட்டார். திரும்பவும் சத்தம் கேட்கும், முதலில் நித்திரை குறையும், அது குறைந்தாலே அம்மாவிடம் சொல்லிவிடுவேன் என்றான். மாமா அடுத்த கிளினிக் எந்த நாள் என்று கேட்டு, தானும் வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.